டிஸ்கெட் வாயில் சந்தனம்

விஜயதசமி காலை. மங்களம் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை விழித்தது. சின்ன டிஸ்கெட்டை அதன் வாயில் செருகி, விசையைத் தட்டினாள். பக்கத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை.

வெளியே எடுத்து, மறுபடி செருகினாள். எரியவில்லை.

நாலு மணிக்கு மாமனார் வருகிறார்.

அந்த வருகைக்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். மாமனார் தியாகராஜா தன் இளைய மகன் ஜெயபாலனின் கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்துப் பெண் என்று யாரோ சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது. தெலுக் இந்தானில் மூத்த மகள் வீட்டில் இருந்துகொண்டு, விசாரிப்பவர்களிடம் ஜெயபாலனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று சொல்லிவந்தார்.

இப்போது வருகிறார். மருமகளைப் பார்க்க அல்ல. ஈப்போவில் அவருடைய இளைய மகள் சரோஜாதேவி நடத்தும் தட்டச்சுப் பள்ளியில் ஒவ்வொரு விஜயதசமிக்கும் பூசையில் வைத்த புத்தகக் கட்டை அவர்தான் அவிழ்ப்பார். இந்த வருஷம் அங்கே கம்ப்யூட்டர் வகுப்பும் தொடங்குகிறது. வகுப்பை எடுக்கப்போவது யார் என்று அவர் கேட்கவில்லை. சரோஜாவும் சொல்லவில்லை.

ஜெயபாலன் விடியுமுன்பே அவரை அழைத்துவரக் காரில் போய்விட்டான்.

பள்ளி ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்தது. சுவரோரம் தட்டச்சு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. நேற்று ஆயுத பூஜைக்கு மங்களம் வைத்தது. மூலையில் சரஸ்வதி படம். படத்தின் கீழே சிவப்புத் துணியில் கட்டிய ஒரு பொதி. உள்ளே புத்தகங்கள், கம்ப்யூட்டரோடு வந்த கையேடு, ஒரு நீலப் பெட்டி. கட்டிய கட்டை மாமனார் அவிழ்க்கும்வரை யாரும் தொடக்கூடாது.

சரோஜா சுண்டல் பாத்திரத்தோடு படியேறி வந்தாள். நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நின்ற இடத்தில் நின்று மங்களத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை?"

"சின்ன டிரைவ் வேலை செய்யலக்கா."

"நேற்று?"

"நேத்து தொடலியே. பூசை நாளு."

சரோஜா பாத்திரத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டருக்கு இரண்டு வாய்கள். பெரிய டிஸ்கெட்டுக்கு ஒன்று. அது மெஷினோடு வந்தது. சின்ன டிஸ்கெட்டுக்கு ஒன்று; அதை ஜெயபாலன் பிறகு வாங்கிப் பொருத்தினான். கோலாலம்பூரில் இருக்கும் அவனுடைய நண்பன் பாடங்களைச் சின்ன டிஸ்கெட்டில்தான் அனுப்பினான். முதல் வகுப்புக்கான டிஸ்கெட் முந்தாநாள்தான் தபாலில் வந்தது.

சின்ன வாயின் கீழ் உதட்டில் சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது.

"உதுக்குள்ள ஏன் சந்தனத்தை வைச்சனீர்?"

"உள்ள வைக்கலக்கா. ஓரத்துலதான்."

"மேல நெத்தியில வைக்கிறதுக்கென்ன? டைப்ரைட்டருக்கு அப்பிடித்தானே வைச்சிருக்கிறீர்."

மங்களம் பதில் சொல்ல யோசித்தாள். பீடோர் தோட்டத்தில் அவள் வீட்டில் பால் வெட்டும் கத்திக்குப் பொட்டு வைப்பார்கள். பிடியில் வைத்தால் அவள் அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். வேலை செய்கிற இடத்தில் வை என்பார், அலகின் ஓரத்தில். டைப்ரைட்டருக்கு வேலை செய்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்கு அது வாய்தான் என்று தெரிந்தது.

"எங்க வழக்கம்கா," என்றாள்.

"உங்கட வழக்கம்," என்றாள் சரோஜா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் வலித்தது.

மங்களம் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி உள் உதட்டையும் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தது. டிஸ்கெட்டைச் செருகினாள்.

விளக்கு எரியவில்லை.

சரோஜா மெஷின் விற்ற சீனருக்குப் போன் செய்தாள். மலாய் மொழியில் பேசினாள். பேசப் பேச அவள் முகம் சுருங்கியது.

"என்னக்கா சொல்றாரு?"

"ரொசாக் ஆயிருக்குமாம், பழுதாம். கொண்டுவரட்டாம். புதுசு பினாங்கில இருந்து வரவேணுமாம்."

"இன்னைக்கு?"

"தீபாவளிக்குப் பிறகு."

மங்களம் நாற்காலியில் உட்கார்ந்தாள். வகுப்பில் சேர்ந்த ஏழு மாணவர்களும் வந்துவிடுவார்கள். அவர்களிடம் சமாளிக்கலாம், இன்னொரு நாள் வரச் சொல்லலாம். மாமனாரிடம் சொல்ல முடியாது. அவர் மெஷினைப் பார்ப்பார். பிறகு அவளைப் பார்ப்பார். இல்லை, பார்க்கவும் மாட்டார்.

"நான் வகுப்புக்கு நிக்கலக்கா," என்றாள். "மாமா வர்றப்ப நான் புந்தோங்ல எங்க வீட்டுல இருந்துக்கிறேன்."

சரோஜா சுண்டல் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, பார்த்து, மூடினாள்.

போன் மணியடித்தது.

"மங்களம்? வந்து சேந்துட்டேன்." ஜெயபாலன். அவளோடு பேசும்போது மட்டும் அவன் பேச்சு தோட்டத்துப் பக்கம் சாயும். "அப்பா சவரம் பண்ணிக்கப் போயிருக்காரு. வேட்டிய ரெண்டு தடவ தேய்க்கச் சொன்னாராம் பெரியக்காவ."

மங்களத்தால் சிரிக்க முடியவில்லை.

"என்ன?"

"சின்ன டிரைவ் செத்துப்போச்சுங்க. நான் சந்தனம் வைச்சேன். சீனரு ரொசாக்குன்னு சொல்றாரு."

"அழாத லா. விளக்கு எரியுதா?"

"இல்ல."

"உள்ள போகச் சொல்லி அடிச்சா என்ன சொல்லுது?"

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சின்ன டிரைவுக்கு உரிய D என்ற எழுத்தை அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. படித்துச் சொன்னாள். அப்படி ஒரு டிரைவ் கிடையாது என்று சொன்னது மெஷின்.

எதிர்முனையில் அவன் மூச்சுவிடுவது கேட்டது.

"அப்ப சந்தனம் இல்ல."

"எப்படிங்க?"

"சந்தனம் ஒட்டியிருந்தா படிக்க முடியலன்னு சொல்லும். டிஸ்கெட் சரியில்லன்னு சொல்லும். இல்லவே இல்லன்னு சொல்லாது. அதுக்கு அங்க ஒரு டிரைவ் இருக்கிறதே மறந்துபோச்சு."

மங்களம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மெஷின அடைச்சிட்டு மறுபடி போடு. எழுந்து வர்றப்ப மேல ஒரு வரி வந்துட்டு ஓடிடும். கண்ணச் சிமிட்டாத."

"காத்திருக்கீங்களா?"

"எங்க போகப்போறேன்?"

அவள் மெஷினை அணைத்தாள். போட்டாள். சரோஜா பின்னால் வந்து நின்றாள். இயந்திரம் தனக்குள் எண்ணிப் பார்ப்பதுபோல் டிக்டிக் என்றது. வரி வந்தது. போய்விட்டது.

"பாக்க முடியலங்க. ஓடிடுச்சி."

"இன்னொரு தடவ."

தொலைவில், போனுக்குள், ஒரு கதவு திறந்தது. ஊன்றுகோல் சத்தம். பிறகு ஒரு வயதான குரல், தெளிவாக: "ஆரோட இவ்வளவு நேரம் கதைக்கிறாய்?"

"மங்களத்தோட, அப்பா."

"ஆர் அது?"

மங்களம் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேங்க."

"மெஷினப் போடு."

போட்டாள். இந்தத் தடவை அவளும் சரோஜாவும் இரண்டு பேருமே திரைக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்கள். வரி வந்தது.

"டிரைவர் எண்டு ஒரு பேர்," என்றாள் சரோஜா.

"கெட்டுப்போச்சு, இல்லாட்டி காணோம்னு போட்டிருக்கு," என்றாள் மங்களம் போனில்.

அவன் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு. "அதான். டிரைவ் நல்லாத்தான் இருக்கு. உனக்கு இன்னொரு வாயும் இருக்குன்னு மெஷின் எழுந்ததும் ஒரு ஃபைல் அதுக்குச் சொல்லணும். அந்த ஃபைல்தான் காணாம போயிருக்கு. டாஸ்னு ஒரு அறை இருக்கில்ல, அதுக்குள்ள பாரு."

டைரக்டரியை அறை என்றுதான் அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். மங்களம் அந்த அறைக்குள் போனாள்.

"ஒண்ணுமே இல்லீங்க."

"ஒண்ணுமேன்னா?"

"காலி."

"காலியா? அதுல நிறைய இருந்துச்சே. யாராவது அழிச்சீங்களா?"

மங்களம் தலையைத் திருப்பினாள்.

சரோஜா ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தாள். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முன் சரோஜா பள்ளியைச் சுத்தம் செய்வாள். அதற்கு அவளிடம் ஒரே ஒரு விதிதான். போன விஜயதசமிக்கு முந்தியது எதுவும் இருக்கக்கூடாது. பழைய ரிப்பன், உபயோகித்த கார்பன், யாரும் வாங்கிப் போகாத சான்றிதழ், எல்லாம் குப்பைக்கு. இந்த வருஷம் சுத்தம் செய்துவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்பும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மங்களம் தட்டைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். அக்காவும் பழகுகிறார் என்று சந்தோஷப்பட்டாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் தேதி இருக்கும். அந்த அறையில் இருந்தது எல்லாமே போன விஜயதசமிக்கு முந்திய தேதி.

"மங்களம்? யாராவது அழிச்சாங்களா?"

சந்தனம் காரணமில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தெலுக் இந்தான் வீட்டுக்கூடத்தில் சத்தமாகக் கேட்கும்.

"தெரியலீங்க," என்றாள் மங்களம். "அன்னைக்குக் கரண்டு போயிட்டு வந்துச்சில்ல. அதுல போயிருக்கும்."

கரண்டு போனால் அப்படிப் போகாது. அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

"சரி," என்றான். "போகட்டும். அசல் இருக்கு. மெஷினோட வந்த பெரிய டிஸ்கெட். அத பெரிய வாயில போட்டு, எல்லாத்தையும் அந்த அறைக்குக் காப்பி பண்ணு. பண்ணிட்டு மெஷின அடைச்சுப் போடு. அவ்வளவுதான். நீலப் பெட்டியில இருக்கு."

"நீலப் பெட்டி," என்றாள் மங்களம்.

"ஆமா. எங்க வைச்சிருக்கீங்க?"

அவள் சரஸ்வதி படத்தின் கீழே சிவப்புப் பொதியைப் பார்த்தாள்.

"இருக்குங்க," என்றாள். "நீங்க மாமாவக் கூட்டிட்டு மெதுவா வாங்க."

போனை வைத்தாள். கீழே நகைக்கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா வந்து அவுக்கட்டும்க்கா," என்றாள் மங்களம் கடைசியில். "அவுத்ததும் போட்டுக்கலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும். பரவால்ல."

"அவர் முன்னாலயா?"

"ஆமா."

"ஏன் இப்ப அவசரமா மெஷினை நோண்டுறியள் எண்டு கேப்பார். நீர் திருப்பியும் கரண்டு எண்டு சொல்லுவீர்."

மங்களம் தலை குனிந்தாள்.

சரோஜா செருப்பில்லாத காலோடு படத்தின் முன்னால் போய் நின்றாள். ஒரு தடவை கும்பிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து பொதியை மடிக்கு இழுத்தாள்.

"அக்கா, வேணாம்."

"சும்மா இரும்."

கயிற்றின் முடிச்சு அவளே போட்டது. அவளுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்தாள். அந்தப் பள்ளியை நடத்துகிற சரோஜாதேவி, எழுத்து ஒன்று தவறினால் தாள் முழுவதையும் திரும்ப அடிக்கச் சொல்கிற சரோஜாதேவி, தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பல்லால் கடிப்பதை மங்களம் பார்த்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிச்சு விட்டது.

"பழசெல்லாம் குப்பை எண்டு நினைச்சன்," என்றாள் சரோஜா, பொதியைப் பார்த்தபடி.

"நான் மூணு மாசம் பழகிட்டு ஒரு தடவ எல்லாத்தையும் அழிச்சிருக்கேன்கா. உங்க தம்பி திட்டவே இல்ல. ரெண்டு நாளு பேசல, அவ்வளவுதான்."

சரோஜா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றாக நடந்தன.

நீலப் பெட்டியிலிருந்து பெரிய டிஸ்கெட்டை எடுத்தார்கள். மங்களம் அதைப் பெரிய வாயில் போட்டாள். இயந்திரம் கரகரத்தது. திரையில் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. சரோஜா ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்தாள். தெரியாதவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இதுதான்," என்றாள். டிரைவர் என்ற பெயர் வந்து, மேலே நகர்ந்தது.

மெஷினை அணைத்தார்கள். போட்டார்கள். இந்தத் தடவை அந்த வரி வரவில்லை. மங்களம் சின்ன டிஸ்கெட்டைச் செருகினாள். விசையைத் தட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

சரோஜா எழுந்து போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். காய்ந்திருந்ததைத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். சின்ன வாயின் கீழ் உதட்டில், மங்களம் வைத்திருந்த அதே இடத்தில், ஒரு பொட்டு வைத்தாள். ஓரத்தில் வழிந்ததை விரலால் ஒதுக்கினாள்.

"இங்கதானே?"

"ஆமாக்கா."

பெட்டியைப் பொதிக்குள் வைத்துத் துணியை மடித்தாள். கயிற்றைக் கையில் எடுத்தாள். மங்களத்திடம் நீட்டினாள்.

"நீர் கட்டும்," என்றாள்.

மங்களம் கட்டினாள். அவள் கைக்குப் பழகிய முடிச்சு ஒன்றுதான்.

*

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்தது. ஏழு மாணவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் மங்களம் கடைசி டைப்ரைட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தியாகராஜா உயரமானவர். வேட்டியின் மடிப்புக் கலையவில்லை. பின்னால் ஜெயபாலன் நனைந்த குடையோடு வந்தான். அவன் கண் முதலில் மெஷினைத் தேடியது. பிறகு மங்களத்தை. அவள் லேசாகத் தலையசைத்தாள்.

பெரியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மங்களம் நின்ற இடத்தில் அவர் பார்வை நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் நின்றது.

"இதென்ன, இதின்ர வாயில சந்தனம்? ஆர் வைச்சது?"

"நான்தான் அப்பா," என்றாள் சரோஜா.

"இது எங்கட வழக்கமில்லையே."

"இனி எங்கட வழக்கம்தான்."

அவர் மகளை ஒரு கணம் பார்த்தார். படத்தின் முன்னால் ஸ்டூல் போட்டிருந்தது. உட்கார்ந்தார். பொதியை மடியில் வாங்கினார். முடிச்சின் மேல் விரலை வைத்தார்.

விரல் நின்றது.

அவர் முடிச்சைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு இரண்டு முனைகளில் ஒன்றை மட்டும், இடது பக்கத்து முனையை, பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கயிறு முழுவதும் ஒரேயடியாகக் கழன்று வந்தது.

சரோஜா வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"இது நீ கட்டினது இல்லை. உனக்கு முடிச்சுப் போடப் பழக்கினது நான்." கயிற்றை மேலே தூக்கினார். "இது தோட்டத்தில உறைஞ்ச கட்டிப்பால் சாக்குக் கட்டுற முடிச்சு. அதுவும் இடக்கைக்காரன்ர. ஆர் கட்டினது?"

ஜெயபாலன் ஒரு அடி முன்னால் வந்தான். அதற்கு முன் மங்களம் டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"நாந்தான் மாமா."

முதல்முறையாக அவர் அவளைப் பார்த்தார்.

"நீ இடக்கையா?"

"இல்லீங்க. எங்கப்பாதான். அவரு பக்கத்துல உக்காந்து அவரு கையப் பாத்தே கத்துக்கிட்டேன்."

"கொப்பர் எந்தத் தோட்டம்?"

"பீடோருங்க. அதுக்கு முந்தி சிலிம் ரிவர் பக்கம் இருந்தாங்களாம். நான் அப்ப பொறக்கல."

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் தியாகராஜா பல வருஷம் பெரிய கிராணியாக இருந்தவர். தோட்டத்து ஆபீஸ் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்த வேலையை அவர் ஏன் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தார் என்பதுதான் தெரியாது. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

"பேர்?" என்றார்.

"சின்னையா."

அவர் கயிற்றை விரலில் சுற்றத் தொடங்கினார். சுற்றினார். முனை வரைக்கும் சுற்றி முடித்தார்.

"இருக்கிறானா?"

"இருக்காருங்க."

"அண்டைக்கு அடிபட்ட கண், தெரியுதா இப்ப?"

மங்களம் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் இடது கண்ணைப் பற்றி அவள் இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஜெயபாலனிடம்கூட பிறவியிலேயே அப்படி என்றுதான் சொல்லியிருந்தாள். அவளுக்குச் சொல்லப்பட்டதும் அதுதான்.

"ஒரு கண்ணுதான் மாமா," என்றாள்.

தியாகராஜா தலையை ஆட்டினார். பொதியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்துச் சரோஜாவிடம் நீட்டினார். சரோஜா வாங்கவில்லை. மங்களத்தைப் பார்த்தாள். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது.

மங்களம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வகுப்பைத் தொடங்கு, பிள்ளை," என்றார். "பெடியள் காத்துக்கொண்டு இருக்கினம். முடிஞ்ச பிறகு நீயும் நானும் கொஞ்சம் கதைக்க வேணும்."

அவள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிஸ்கெட்டைச் செருகினாள். சந்தனத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஏழு தலைகள் முன்னால் நீண்டன.

பின்னால் பெரியவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. விரலில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றி, சுருள் கலையாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.